பரண் கம்ப்யூட்டரா, கடை ரவுட்டரா?

பரணில் ஒரு பழைய டெஸ்க்டாப் கிடந்தது. பழைய சாமான் கடையில் போட்டால் டீ செலவுக்குக்கூடத் தேறாது. கம்ப்யூட்டரை ரவுட்டராக மாற்றும் இலவச மென்பொருளான ஓபிஎன்சென்ஸை அதில் ஏற்றினால் ரவுட்டருக்கு வைத்திருந்த 3,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். கரன்ட் பில்லை மறந்துவிட்டேன்.

அந்த டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கும். ராத்திரி பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 58 யூனிட். சாதாரண ரவுட்டருக்கு 8 வாட், அதாவது 12 யூனிட்டுக்குள். வித்தியாசம் 46 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 1,650 ரூபாய். இரண்டே வருஷத்தில் ரவுட்டர் விலை போயே போச்சு. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இன்னொரு வம்பு உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் விலையும் ஏறும். விளிம்பில் இருக்கிற வீட்டை இந்த 46 யூனிட்டே தள்ளிவிடும்.

அதோடு முடியவில்லை. ஓபிஎன்சென்ஸும் அதே வகையைச் சேர்ந்த பிஎஃப்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் மேல் நிற்பவை. வைஃபை விஷயத்தில் அது சவலைப் பிள்ளை. கடைசியில் பழைய ரவுட்டரையே வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்டாக மாட்டினேன். அப்புறம் அந்த 8 வாட்டும் மிச்சமில்லை, 40-ம் கூடுதல். மதர்போர்டில் லேன் போர்ட் ஒன்றுதான்; ரவுட்டர் வேலைக்கு இரண்டு வேண்டும், நெட் லைனுக்கு ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. யூஎஸ்பி அடாப்டரை வைத்து ஒப்பேற்றிப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை நெட் படுத்தது. இரண்டு போர்ட் இன்டெல் கார்டு வாங்கிப் போட்ட பிறகுதான் வீட்டில் திட்டு நின்றது. கரன்ட் போனால் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும், கம்ப்யூட்டருக்குப் பெரிய யூபிஎஸ் வேண்டும்.

அப்படியானால் பழைய கம்ப்யூட்டர் எதற்குமே ஆகாதா? ஆகும், ஆபீசுக்கு. மலிவு ரவுட்டரின் அட்டையில் போட்டிருக்கும் கிகாபிட் வேகம் பெரும்பாலும் சிப்பின் குறுக்குவழியில் வருவது. விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) போட்டாலோ, எஸ்க்யூஎம் என்ற வசதியை வைத்து லைனைச் சீராகப் பங்கிட்டாலோ வேலை முழுக்கப் பிராசஸர் தலையில் விழும். அங்கே மூச்சு வாங்கிவிடும். பழைய டெஸ்க்டாப் இதை அலட்டாமல் செய்யும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பிராண்டட் ஃபயர்வால் பெட்டி வாங்கினால் வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்கும் செலவு வேறு. அதன் பக்கத்தில் கரன்ட் செலவு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் எந்தக் கம்ப்யூட்டர் என்று பார்க்க வேண்டும். 32 பிட் மெஷினை பிஎஃப்சென்ஸ் 2017-இலேயே கைவிட்டது. டெஸ்க்டாப் கோர் ஐ3-இல் நான்காம் தலைமுறையிலிருந்துதான் ஏஇஎஸ்-என்ஐ, அதாவது தகவலைப் பூட்டும் வேலையை வேகமாகச் செய்யும் பிராசஸர் வசதி, உண்டு. அது இல்லாவிட்டால் ஐபிசெக் வகை விபிஎன் திணறித்தான் ஓடும். வயர்கார்ட் என்ற இன்னொரு வகை விபிஎன் போடுவதானால் இந்தக் கவலை வேண்டாம்.

நடுவழியும் இருக்கிறது: செகண்ட் ஹேண்ட் தின் கிளையன்ட் (ஆபீஸ்களில் சர்வரோடு இணைத்து வைக்கும் சின்ன கம்ப்யூட்டர்), இல்லையென்றால் 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட நாலு போர்ட் குட்டிப் பெட்டி. கரன்ட் செலவு குறையும், முதலில் போடும் காசு கூடும்.

நான் வீட்டுக்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்கிற ரவுட்டராகப் பார்த்து ஒன்று வாங்கிவிட்டேன். 128 எம்பி ராமுக்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். டெஸ்க்டாப் இப்போது நண்பரின் ஆபீசில் விபிஎன் பார்த்துக்கொள்கிறது, கரன்ட் பில் அவருடையது.