மேக்சென்ட்: சந்தேகத்தை மறைக்கும் சிவப்பு

ஓர் உயிரினம் எங்கெல்லாம் வாழக்கூடும் என்பதை வரைபடமாக்க மேக்சென்ட் மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். 2006-இல் வந்த ஆய்வுக்கட்டுரையால் பரவலான இந்தக் கருவி இலவசம் என்பதும், 2017 முதல் அதன் மூலநிரலும் திறந்துவிடப்பட்டுள்ளது என்பதும் அவருக்கே தெரியும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் என்னை விடாமல் எரிச்சலூட்டுவது அந்த வரைபடத்தின் துணிச்சல். உயிரினம் காணப்பட்ட பதிவுகள் குவிந்த சமவெளிக்கும் ஆய்வாளர் எவரும் ஏறிப் பார்த்திராத மலைச்சரிவுக்கும் வாழ மிகவும் ஏற்ற இடம் என்று பொருள்படும் ஒரே அழுத்தமான சிவப்பை அது பூசிவிடுகிறது. உயிரினப் பதிவுகளை உலகளவில் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் (GBIF) போன்ற தரவுத்தளங்களில் இடக்குறிப்பின் பிழை எத்தனை மீட்டர் என்று எழுதத் தனிப் புலமே உண்டு; ஏராளமான பதிவுகளில் அது வெறுமையாகக் கிடக்கிறது. பழைய அருங்காட்சியக மாதிரிகள் சிலவற்றுக்கு நிர்வாக எல்லையின் நடுப்புள்ளியே இருப்பிடமாகத் தரப்பட்டிருக்கும். இத்தகைய புள்ளிகளை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக அமைந்த தட்பவெப்பத் தரவின்மீது வைத்தால், பள்ளத்தாக்கில் வாழும் தவளை மலையுச்சியின் குளிரை விரும்புவதாகக் கருவி கற்றுக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. பதிவுகள் சாலையோரமாகவே இருந்தால், உயிரினத்தின் வாழிடத்துக்குப் பதிலாகப் பார்வையாளர்களின் நடமாட்டம் வரைபடமாகிவிடும். கணிப்பின் திறனை அளக்கும் ஏயூசி (AUC) மதிப்பெண்ணும் துணைக்கு வராது, ஏனெனில் ஒப்பிடுவதற்கான பின்னணிப் பரப்பை அகலமாக எடுத்துக்கொண்டாலே அது உயர்ந்துவிடும்.

ஆனாலும் முழுப் பழியையும் கருவியின்மேல் போடுவது நியாயமன்று. உயிரினம் காணப்பட்ட இடங்களை மட்டும் கொடுத்து, காணப்படாத இடங்களைப் பற்றி வாய்திறக்காமல், அது அங்கே இருப்பதற்கான உண்மையான நிகழ்தகவைத் தா என்று கேட்டால் எந்த முறையும் திணறத்தான் செய்யும். பலமுறை ஓடச் செய்தால் திட்டவிலக்க வரைபடத்தையும் மேக்சென்ட் தருகிறது. இடக்குறிப்புப் பிழை அதில் தெரியாது என்றாலும், முடிவு எங்கே தடுமாறுகிறது என்பது புலப்படும். நான் எதிர்பாராமல் மகிழ்ந்தது இன்னொன்றில்: வேறொரு பகுதிக்கோ எதிர்காலக் காலநிலைக்கோ கணிப்பை நீட்டும்போது, கருவி கற்றுக்கொண்ட தரவில் இல்லாத தட்பவெப்பம் உள்ள இடங்களைத் தனிப் படமாகவே அது பிரித்துக் காட்டிவிடுகிறது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சிவப்புப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து அறிக்கையில் ஒட்டுபவர்களோ இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அப்படி ஒட்டப்பட்ட ஒன்றை அண்மையில் படித்த கோபம் இன்னும் தணியாததால், நண்பருக்கு என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே. முதலில் தம்மிடமுள்ள பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பிழை அளவு எழுதப்படாதவற்றை அவர் தனியே ஒதுக்கட்டும். மிஞ்சுபவை எத்தனை என்று பார்த்த பிறகு மென்பொருளைப் பற்றிப் பேசலாம்.