இன்ஃபெர்டிலிட்டி ஃபெல்லோஷிப்: காசு கட்டும் முன் லாக்புக்கைக் கேளுங்கள்

அண்ணா நகர், நுங்கம்பாக்கம், ஓ.எம்.ஆர். என்று சென்னையில் எங்கே திரும்பினாலும் ஒரு கருத்தரிப்பு மையம் இருக்கிறது. பல மையங்கள் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று டாக்டர்களுக்கான ஃபெல்லோஷிப் பயிற்சியும் நடத்துகின்றன. பெண்களின் இனப்பெருக்க நலத்திலும் வளரிளம் பருவ மருத்துவத்திலும் போக நினைக்கும் இளம் டாக்டர்கள் முதலில் விசாரிப்பது இந்த கோர்ஸ்களைத்தான். எந்த மையத்தையும் பெயர் சொல்லி எடைபோடவில்லை. கட்டும் காசுக்கு இந்த வகை கோர்ஸில் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்று மட்டும் பார்ப்போம்.

முட்டைப்பை வளர்வதை ஸ்கேனில் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்டடியும், விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ.யும் ஆறு மாதத்தில் நன்றாகவே கைக்கு வந்துவிடும். முட்டைப்பை 18 மி.மீ. தொட்டதும் முட்டையை வெளிவரச் செய்யும் ஹெச்.சி.ஜி. ஊசி, அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் ஐ.யு.ஐ. என்பது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. எங்கே கெட்டுப்போகும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். கர்ப்பப்பை முன்பக்கம் மடிந்திருக்கும் பெண்ணுக்குச் சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருந்தால் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் லேசாக நுழையும். காலிப் பையோடு படுக்கவைத்து, கர்ப்பப்பை வாயைப் பிடிக்கும் டெனாகுலம் போட்டு இழுத்தால் ரத்தம் கசியும், கர்ப்பப்பை சுருங்கும், அந்த மாத முயற்சி வீணாகலாம். முட்டைப்பைகள் மூன்று, நான்கு ஒன்றாகப் பெருத்துவிட்டால், ஒரே நேரத்தில் பல கரு தங்கும் ஆபத்து உண்டு என்பதால் ஊசி போடாமல் அந்த மாதத்தை விட்டுவிடும் துணிச்சலும் வேண்டும். இதையெல்லாம் நல்ல சீனியரிடம் கற்கலாம், அதற்குப் பணம் தரலாம்.

அடுத்தது கருமுட்டை எடுக்கும் பிக்அப். செயற்கைக் கருத்தரிப்பை முறைப்படுத்தும் 2021-ஆம் ஆண்டின் ஏ.ஆர்.டி. சட்டமும் 2022-இல் வந்த விதிகளும் இங்கே கறாரானவை. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) செய்யும் லெவல் 2 கிளினிக்கில் மகப்பேறு டாக்டராக இருக்க, ஓ.ஜி. (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) முதுநிலைப் பட்டத்தோடு, பயிற்சி பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் 50 பிக்அப் செய்த பதிவு வேண்டும். அந்த 50 பதிவு இல்லையென்றால் இனப்பெருக்க மருத்துவத்தில் உயர்சிறப்புப் படிப்போ ஃபெல்லோஷிப்போ முடித்து, ஏ.ஆர்.டி. கிளினிக்கில் மூன்று வருட அனுபவம் வேண்டும்.

ஆகவே சேரும் முன் போன பேட்ச்சின் லாக்புக்கை, அதாவது செய்த பிக்அப்களின் பதிவேட்டை, காட்டச் சொல்லுங்கள். தேதி, முட்டைப்பை எத்தனை, கிடைத்த முட்டை எத்தனை, மேற்பார்வையாளர் கையெழுத்து என்று வரிசையாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியது, ஊசியைப் பிடித்தது யார் என்ற பத்தியை. அசிஸ்டட் (உதவி மட்டும் செய்தார்) என்றே பக்கம் பக்கமாக இருந்தால் அங்கே வேடிக்கைதான் பார்க்க முடியும். மாதம் 20 பிக்அப் நடக்கும் மையத்தில் நான்கு பேரைச் சேர்த்தால் ஆறு மாதத்துக்கு மொத்தமே 120. சீனியர்கள் எடுப்பது போக ஒருவர் பங்குக்கு 30 கூட வராது. இந்தக் கணக்கை முகத்துக்கு நேரே கேளுங்கள், தயங்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர்கள் இதில் பணம் போட வேண்டாம். பிக்அப் செய்யச் சட்டம் இடம் தராது. ஸ்கேனுக்கும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்ட விதிப்படி அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஆறு மாதப் பயிற்சி தனியாக வேண்டும். நேர்வழி, மூன்று வருட எம்.எஸ். ஓ.ஜி. அதன்பின் நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி எம்.சிஎச். என்ற உயர்சிறப்புப் பட்டம், அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டு வருட எஃப்.என்.பி. ஃபெல்லோஷிப்.

எங்களுக்குப் பெரிய குறையாகப் படுவது வளரிளம் பருவம்தான். இந்த கோர்ஸ்களின் பாடத்திட்டத்தில் அது பெரும்பாலும் ஒரு பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய்) வகுப்போடு முடிகிறது, அந்த வகுப்பும் குழந்தை வேண்டி வருபவர்களை மனதில் வைத்தது. வயதுக்கு வந்து ஒன்றரை வருடமான பெண்ணுக்கு 40 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வந்தால் அது இயல்பு. முதல் வருடம் கழிந்து மூன்றாம் வருடம் வரை 21 முதல் 45 நாள் இடைவெளியை ஏற்கலாம் என்கிறது 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல். இந்த வயதில் பி.சி.ஓ.எஸ். நோயை உறுதிசெய்ய ஸ்கேனோ ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் ரத்தப் பரிசோதனையோ கூடாது என்றும் சொல்கிறது. கருத்தரிப்பு மையத்தில் மட்டும் பழகிய கை முதலில் ஸ்கேனுக்குத்தான் போகும். அந்தப் பிள்ளை பி.சி.ஓ.எஸ். என்ற முத்திரையோடு, தேவையில்லாத பயத்தோடு வீட்டுக்குப் போகும்.

இதைக் கற்கும் இடம் அரசு ஓ.பி.தான். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் முதுநிலை கிடைத்தால் விடாதீர்கள். டாக்டர் எதைக் கேட்டாலும் அம்மாவே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பரிசோதிக்க வேண்டும் என்று திரைக்குப் பின்னால், பெண் நர்ஸ் உடனிருக்க, பிள்ளையிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசினால்தான் உண்மையான விஷயம் வெளியே வரும். 18 வயதுக்குள் கர்ப்பமாக வருபவர்களையும் அங்கேதான் அதிகம் பார்ப்பீர்கள். கருக்கலைப்புக்குப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி போலீஸுக்குத் தகவலும் தர வேண்டும். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயர், அடையாளம் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாக்கியிருக்கிறது. பணியில் இருக்கும் போலீஸ்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தீர்ப்பின் நகலை டியூட்டி ரூமில் வைத்திருங்கள்.