தட்டு3 என்ற பெயரும் ஒரு பூஜ்யமும்: கெர்னலில் ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட், ஆறு வருட அனுபவம்

812 இருக்க வேண்டிய இடத்தில் 768 இருந்தது.

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் இயந்திரத்துக்கு, வெப்பநிலையைப் பதிவு செய்யும் லினக்ஸ் கெர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடும் துணை நிரல்) எழுதிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே 1024 இடம் கொண்ட வட்ட பஃபர், அதாவது கடைசி இடம் நிரம்பியதும் முதலிடத்துக்குத் திரும்பும் தற்காலிக வரிசை. ஒரு முனையில் அளவீடு வந்து விழும், மறுமுனையில் எடுத்துப் பதிவேட்டில் எழுதும். எடுக்கும் இடத்தைக் குறிக்கும் எண்தான் முதலில் சொன்ன 812. அது சில இரவுகளில் தானாகப் பின்னால் போய்விடும். படித்த அளவீடுகளையே மறுபடி படிக்கும். "தம்பி, கிராஃபுல ஒரே மேடு ரெண்டு தடவை வருது பாருங்க" என்று டீ மேக்கர் அண்ணன் போன் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வீட்டில் அதே மாட்யூலை மூன்று வாரம் ஓட்டினேன், ஒரு முறைகூட வரவில்லை. கெர்னலின் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் போட்டுப் பார்த்தேன், அதுவும் வாய் திறக்கவில்லை. கேசான் நல்ல கருவிதான். ஆனால் அது காவல் வைப்பது ஒதுக்கிய நினைவகத் துண்டுகளுக்கு நடுவே. ஒரே ஸ்ட்ரக்சருக்குள் (பல மதிப்புகளை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு) ஒரு உறுப்பு பக்கத்து உறுப்பின் மேல் எழுதினால் அதற்குத் தெரியாது. புரோகிராம் கோடை வரிவரியாகப் படித்ததிலும் பலனில்லை. அந்த எண்ணை மாற்றும் வரி மொத்தமே இரண்டு, இரண்டும் சரி.

இந்த மாதிரி இடத்தில்தான் ஹார்ட்வேர் பிரேக்பாயிண்டை நம்புகிறேன். பிரேக்பாயிண்ட் என்றால் ஓடும் நிரலை ஓரிடத்தில் பிடிக்கும் பொறி. சாதாரண பிரேக்பாயிண்ட் கோடில் ஒரு பைட்டை எடுத்துவிட்டு அங்கே பொறி வைக்கும். எந்த வரியில் நிறுத்துவது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இங்கே தெரியாததே அதுதான். ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட் முகவரியைக் காவல் காக்கும். இன்டெல் 80386 வந்த 1985 முதல் எக்ஸ்86 சிப்புகளில் இதற்கென்று நான்கு ரிஜிஸ்டர்கள் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்), டி.ஆர்.0 முதல் டி.ஆர்.3 வரை, இருக்கின்றன. எந்த முகவரி, எத்தனை பைட், எழுதினால் மட்டுமா படித்தாலுமா என்று சொல்லிவிட்டால் போதும். கோடின் எந்த மூலையிலிருந்து யார் தொட்டாலும் பிராசஸர் கையைப் பிடித்துவிடும். கோடில் ஒரு பைட்கூட மாறாது.

கெர்னலை அப்படியே நிறுத்தி ஆராயும் கேஜிடிபி எனக்கு அங்கே உதவாது. இயந்திரம் ஓடும்போது பதிவு நிற்கக் கூடாது. தவறு வருவதோ ராத்திரி ஷிஃப்டில். எட்டு மணிக்கு மேல் அந்தத் தோட்டத்து ரோட்டில் காட்டெருமை நிற்கும், கரடியும் இறங்கும். நான் வீட்டில் இருக்க, பொறி அங்கே தனியாக வேலை செய்ய வேண்டும். லினக்ஸில் 2010-ல் வெளியான 2.6.33 முதல் இதற்கு வழி உண்டு: மாட்யூலே தன் முகவரிக்கு பிராசஸரின் எல்லா கோர்களிலும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) வாட்ச்பாயிண்ட், அதாவது முகவரியைக் காக்கும் இந்தப் பொறியை, பதிந்துகொள்ளலாம். எல்லா கோர்களிலும் என்பது முக்கியம். அந்த ரிஜிஸ்டர்கள் கோருக்குக் கோர் தனி. ஒன்றில் மட்டும் வைத்தால் மற்றொன்றிலிருந்து எழுதுகிறவன் தப்பிவிடுவான்.

அந்த எண் நியாயமாகவும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எழுதும் ஒவ்வொரு முறையும் செய்தி போட்டால் லாக் நிரம்பிவிடும். அதனால் கையாளும் ஃபங்ஷனில் ஒரு சல்லடை வைத்தேன்: புது மதிப்பு பழையதைவிட ஒன்று கூடியிருந்தால் பேசாமல் போ, இல்லாவிட்டால் ஸ்டாக்கை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியலை, அச்சிடு. எக்ஸ்86-ல் எழுதி முடித்த பிறகுதான் பொறி தட்டும் என்பதால் புது மதிப்பு கைக்குக் கிடைக்கிறது. அதே காரணத்தால் லாக் காட்டுவது எழுதிய இன்ஸ்ட்ரக்‌ஷனை அல்ல, அதற்கு அடுத்ததை. முதல் வருஷம் இது புரியாமல் குற்றமில்லாத வரியை ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சிக்கியது. ஸ்டாக்கில் நின்றது, நான் எதிர்பார்க்கவே செய்யாத, பெயர் எழுதும் ஃபங்ஷன். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பேனலிலிருந்து உலர்த்தும் இயந்திரத்தின் தட்டுகளின் பெயர்கள் மறுபடி வந்து இறங்கும். பெயருக்கு 16 பைட் ஒதுக்கியிருந்தேன். அதற்கு அடுத்த உறுப்புதான் அந்த எண். வீட்டில் நான் சோதித்தபோது பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தேன், ஐந்து பைட். தொழிற்சாலையில் அவர்கள் இயல்பாகத் தமிழில் 'தட்டு3' என்று அடித்திருக்கிறார்கள். எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் த, ட, புள்ளி, ட, உகரக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகப் பதினைந்து. எண் 3-க்கு ஒன்று. சரியாகப் பதினாறு. பெயரை முடிக்க நான் எழுதிய பூஜ்யம் பதினேழாவது பைட்டில், அதாவது அந்த எண்ணின் முதல் பைட்டில் விழுந்தது. எக்ஸ்86-ல் முதலில் இருப்பது எண்ணின் மிகச் சிறிய மதிப்புள்ள பைட். 812 என்பது மூன்று 256-உம் 44-உம். 44 அழிந்தால் மிச்சம் 768. பின்னால் போன 44 படி அதுதான்.

என்னைத் தவிர யார் மேலும் தவறில்லை. தமிழில் பெயர் வைப்பார்கள் என்பதை நான்தான் நினைத்திருக்க வேண்டும். இப்போது பெயருக்கு 96 பைட், நீளத்தையும் சரிபார்க்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான்கே ரிஜிஸ்டர், ஒன்றுக்கு அதிகபட்சம் 8 பைட். பெரிய பஃபரை முழுக்கக் காக்க முடியாது. எந்த 8 பைட் என்று முதலில் நாம் ஊகிக்க வேண்டும். நொடிக்கு லட்சம் முறை மாறும் இடத்தில் வைத்தால் இயந்திரம் தவழும். இதைவிடப் பெரிய குறை, பிராசஸர் எழுதுவது மட்டுமே இதற்குத் தெரியும் என்பது. இரண்டு வருஷம் முன்பு, ஆடி மாதக் காற்றில் சில்வர் ஓக் சாய்ந்து கரண்ட் போய்ப் போய் வந்த வாரத்தில், வேறொரு கார்டுக்கு இதே பொறியை வைத்து நான்கு இரவு காத்திருந்தேன். மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது, பொறி தட்டவில்லை. கார்டு டிஎம்ஏ வழியாக, பிராசஸரைத் தொடாமல் நேரே நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்தது, நான் விடுவித்துவிட்ட பஃபரிலேயே. கார்டுகள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ-வைக் கண்டிப்பான முறையில் இயக்கிய பிறகு, அனுமதியில்லாத முகவரி என்று லாக்கில் வந்து நின்றது. அதற்குப் பிறகு, மதிப்பு மாறியும் பொறி மௌனமாக இருந்தால், பிராசஸர் அல்லாத கையைத் தேடுகிறேன். அதே நினைவகம் வேறொரு முகவரி வழியாகத் தொடப்படுகிறதா என்றும் பார்க்கிறேன். வாட்ச்பாயிண்டுக்குத் தெரிவது மெய்நிகர் முகவரிதான், அதாவது நிரல் பயன்படுத்தும் முகவரி, நினைவகத்தின் உண்மையான இடம் அல்ல.

இன்னொன்று என் அனுபவத்தில் மிகவும் வலித்தது. நினைவகத்தை விடுவிப்பதற்கு முன் வாட்ச்பாயிண்டை எடுத்துவிடுங்கள். ஒரு முறை மறந்தேன். அந்த இடத்தை கெர்னல் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது, அவர் தன் வீட்டில் எழுதியதற்கெல்லாம் என் லாக்கில் புகார் வந்தது. ஃபைல் சிஸ்டத்தில் பிழை என்று நம்பி இரண்டு நாள் அலைந்தேன்.

ராஸ்பெர்ரி பை 4-க்கு மாறுகிறவர்களுக்கு: அந்தச் சிறு கணினியின் கார்டெக்ஸ் ஏ72 பிராசஸரில் இப்படிப்பட்ட பொறிகள் கோடுக்கு ஆறு, தரவுக்கு நான்கு. அங்கே எழுதுவதற்கு முன்பே பொறி தட்டும். என் சல்லடை அங்கே பழைய மதிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் திருத்தும் வேலையில்தான் இந்த வாரம் இருக்கிறேன்.