புல் கட்டு வண்டிக்கு எட்டவில்லையா? முதலில் கட்டைத் தூக்கிப் பாருங்கள்

சின்னச் சதுரக் கட்டு போடும் பேலர், அதன் பின்னால் கட்டை வண்டிக்குள் எறியும் தட்டு. இந்த ஜோடியோடு ஆறு பருவமாக மல்லுக்கட்டுகிறேன். ஹைட்ராலிக் சிலிண்டர் தட்டை மேலே உதறும் வகை இது. ஒழுங்காக ஓடும் நாளில் வண்டியில் அடுக்க ஆள் வேண்டாம். அதற்காகவே இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு வருடம், கட்டு வண்டிக்கு எட்டாமல் தரையில் விழுந்ததுதான் பெரிய தலைவலி. ஆயில் அழுத்தத்தைக் கூட்டினேன். காலையில் சரியானது. மதியம் கட்டுகள் வண்டியைத் தாண்டிப் போய் விழுந்து கயிறு அறுந்தன. தட்டின் மேல் குற்றமே இல்லை. பனி ஈரம் காயாத புல், பேலருக்குள் கட்டு உருவாகும் அறையின் சுவரில் உராய்ந்து நகர மறுக்கும். கட்டு இறுகிக் கனத்துவிடும். வெயில் ஏற ஏறப் புல் வழுக்கிக்கொண்டு போகும், கட்டும் லேசாகும். இப்போது ஆயில் அழுத்த வால்வைத் தொடுவதில்லை. அந்த அறையை இறுக்கவும் தளர்த்தவும் செய்யும் திருகைத்தான் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை திருப்புகிறேன்.

நீளமும் அப்படித்தான். திடீரென்று கட்டுகள் நீண்டுபோய் எட்டாமல் விழுந்தன. நீளம் அளக்கும் பல் சக்கரத்தில் நைந்த புல் அடைத்து, சக்கரம் கட்டின் மேல் உருளாமல் வழுக்கியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுத்தேன், அவ்வளவுதான்.

தட்டு பாதி எழுந்து சோர்ந்ததுதான் கருவியின் நிஜக் கோளாறு. ஆயிலை மாற்றி, வால்வைக் கழற்றி ஒரு நாளை வீணடித்த பிறகே, பம்பை ஓட்டும் பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளப்பதைக் கவனித்தேன். சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது, கனத்த கட்டு ஏறும் நொடியில் மட்டும் வழுக்கும். புது பெல்ட் போட்டதும் தீர்ந்தது. பிடிஓ, அதாவது டிராக்டரிலிருந்து பேலருக்கு விசை தரும் தண்டின் வேகம், நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கீழே இறங்கினாலும் எறிதல் மந்தமாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எறிந்த தட்டு இறங்காமல் நின்றால், வால்வை இழுக்கும் கம்பி மூட்டில் தூசியும் ஆயிலும் களியாகியிருக்கும். பிடிஓவை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகே அங்கே கை வைப்பேன். அந்தக் கம்பி அசைந்தாலே தட்டு எகிறும். ஹோஸ் கசிகிறதா என்று கையால் தடவவே கூடாது, ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலுக்குள் ஏறிவிடும். அட்டைத்துண்டைக் காட்டிப் பாருங்கள்.

எறியும் திசையை மாற்றும் வசதி என்னுடையதில் இல்லை. வளைவில் திரும்பும்போது வெளியே விழும் கட்டுகளை இன்றும் இறங்கித்தான் பொறுக்குகிறேன்.