ஒரு பூட்டா, 8 லுவாவா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் இயந்திரங்கள் அனுப்பும் அளவுகளை வாங்கி, தேறுமா தேறாதா என்று சொல்லும் சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் சி++. விதிகள் மட்டும் லுவா என்ற சின்ன மொழியில் எழுதிய ஸ்கிரிப்டில். பொறியாளர்கள் வாரம் மூன்று முறை எல்லையை மாற்றுவார்கள், ஒவ்வொரு தடவையும் கம்பைல் செய்து மாளாது. ஓடுவது 8 திரெட், அதாவது சர்வருக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் எட்டு வேலைத் தொடர்கள். அத்தனையும் அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிட வேண்டும்.

சுலபமான வழி, ஒரே லுவா ஸ்டேட் (ஸ்கிரிப்டும் அதன் மாறிகளும் இருக்கும் இடம்), முன்னால் ஒரு மியூட்டெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு. அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு திரெட் உள்ளே இருக்கும்போது மற்ற ஏழும் வரிசையில் நிற்கும். நாசி கண்டார் கடையில் சோறு போட ஒரே ஆள் நிற்கிற கதைதான். ஸ்கிரிப்ட் சட்டென்று முடியும் என்றால் இதில் தப்பில்லை. ரெடிஸ் என்ற தரவுத்தளமும் லுவா ஸ்கிரிப்டை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டுகிறது, ஒன்று முடியும்வரை மற்ற கட்டளைகள் காத்திருக்கும்.

பூட்டுக்குப் பதில் லுவா_நியூத்ரெட் (lua_newthread) என்ற ஃபங்ஷன் போதுமே என்று பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. நானும் ஏமாந்தேன். அது தருவது கோரூட்டின், அதே ஸ்டேட்டுக்குள் முறை வைத்து ஓடும் இன்னொரு ஓட்டம். குளோபல் மாறிகளும் குப்பை சேகரிப்பும் (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பது) பொதுவாகவே இருக்கும். இரண்டு திரெட் ஒரே நேரத்தில் தொட்டால் சர்வர் விழும். அதுவும் நம் மேசையில் விழாது, இரவு ஷிப்டில் விழும்.

அடுத்தது, திரெட்டுக்கு ஒரு ஸ்டேட். என் ஓட்டு இதற்குத்தான். லுவா சின்னது, எட்டு வைத்தாலும் நினைவகம் அழாது. பூட்டும் வேண்டாம். ஆனால் இதில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டில் ‘மொத்தம்’ என்று ஒரு குளோபல் எண்ணி இருந்தது. மாற்றிய மறுநாள் மதியம் இளைய பொறியாளர் வந்து நின்றார்: “அண்ணே, காலையிலேருந்து 1,240தான் ஓடுச்சா?” ஓடியது பத்தாயிரத்தை நெருங்கியிருந்தது. எட்டு ஸ்டேட்டில் எட்டு ‘மொத்தம்’, எண்ணிக்கை காட்டும் பலகை அவற்றில் ஒன்றை மட்டும் படித்திருக்கிறது. எண்ணியை சி++ பக்கம் அட்டாமிக் மாறியாக (பல திரெட் ஒரே நேரத்தில் கூட்டினாலும் கணக்குத் தப்பாதது) நகர்த்தியதும் சரியானது. விதி மாறினால் பதிப்பு எண் ஒன்று ஏறும். அடுத்த அழைப்புக்கு முன் ஒவ்வொரு திரெட்டும் அதைப் பார்த்துத் தானே ஸ்கிரிப்டை மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

பைதான்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2023-இல் வந்த 3.12 ஒரு வழி திறந்தது: துணை இன்டர்பிரிட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி ஜிஐஎல், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் பைதான் ஓட்ட விடும் பூட்டு. சி மொழியில் எழுதிய பைதான் நீட்சிகளும் ஒத்துழைக்க வேண்டுமே! நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகம் இன்னும் துணை இன்டர்பிரிட்டர்களை ஆதரிக்கவில்லை. அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு ஓடாது. 3.13-இல் ஜிஐஎல் இல்லாத பதிப்பும் சோதனை முயற்சியாக வந்தது, ஆனால் அது தனி பில்ட். குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8-இல் ஐசோலேட் என்பதும் திரெட்டுக்கு ஒன்று என்ற அதே கணக்குதான். அதைச் சர்வரோடு சேர்த்து பில்ட் செய்வதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும்.

ஸ்கிரிப்ட் வெளியாளுடையது, அதுவும் சி நூலகத்தோடு வருகிறது என்றால் திரெட் பேச்சையே விடுங்கள். தனி பிராசஸில் போடுங்கள். தகவல் போய்வரக் கொஞ்சம் தாமதம் ஆகும், சரி. விழுந்தால் அது மட்டும் விழும்.