கல்லடியில் நடந்த புத்தாக்க முகாமைத்துவப் பயிற்சி: காசு கொடுத்துப் போகலாமா?

புத்தாக்க முகாமைத்துவம், அதாவது புது யோசனைகளைச் செய்து பார்த்து நடைமுறைக்குக் கொண்டுவருவது பற்றி, சிறு நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் என்று மட்டக்களப்பு கல்லடியில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. கட்டணம் ஆளுக்கு 6,000 ரூபாய், பகல் சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம் அதற்குள். போகலாம், ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் தலைவரையோ, காசோலையில் கையெழுத்து வைக்கிறவரையோ கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் நாள் காலை முழுக்க ஸ்லைடுதான். ஐஎஸ்ஓ 56002 என்று 2019இல் வந்த, புத்தாக்க முகாமைத்துவத்துக்கான சர்வதேச வழிகாட்டியின் பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் காட்டிக்கொண்டே இருந்தார்கள், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது இவ்வளவு தேவையில்லை. அப்புறம் வளவாளர் அமெரிக்க பிலிம் கம்பனியான கொடாக்கின் கதையை எடுத்தார். 1975இல் அங்கு வேலை செய்த ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் டிஜிட்டல் கமரா ஒன்றைச் செய்து காட்டினார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் பாரம், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கசெட்டில் பதிய 23 செக்கன். பிலிம் விற்ற காசில் ஓடிய கம்பனிக்கு, அந்தப் பிலிமையே இல்லாமல் ஆக்கும் சாமானை முழுமனதோடு சந்தைக்குக் கொண்டுவர மனம் வரவில்லை, 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். புது யோசனையால் யாருக்கு நட்டமோ அவரிடமே அதற்கான முடிவைக் கொடுக்காதீர்கள் என்றார் வளவாளர். சரியான பேச்சு.

பட்டறையின் உயிர் இரண்டாம் நாள் குழுவேலை. எங்கள் குழுவில் தயிர் உற்பத்திச் சங்கம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். மண்முட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் எங்கள் எருமைத் தயிர் கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகி நிற்கும். கொழும்பு பஸ்ஸில் முட்டி உடைகிறது என்று இவர்கள் ஒரேயடியாக பிளாஸ்டிக் கப்புக்கு மாறியிருக்கிறார்கள். மேலே தண்ணீர் மிதந்தது, வழமையான வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், அதோடு சங்கத்தில் பொதியிடலை மாற்றுவது பற்றி வாய் திறக்கவே முடியாமல் போயிற்று. "முதலில் கொஞ்சமாகச் செய்து பார்க்கவில்லையா, அக்கா?" என்று வளவாளர் கேட்டார். "ஐம்பது கப் வாங்கவும் கூட்டத்தில் தீர்மானம் எடுக்க வேணும் சேர், வீணாப் போனா யார் பதில் சொல்றது?" என்றார் அக்கா.

வளவாளர் ஸ்லைடை நிறுத்திவிட்டு அந்த அக்காவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுத வைத்தார்: ஒரே ஒரு கடை, ஒரு வாரம், பாதி முட்டி பாதி கப், எவ்வளவு காசு போனால் பொறுத்துக்கொள்ளலாம், நிறுத்துவதை யார் தீர்மானிப்பது. இந்த ஒரு மணித்தியாலத்துக்கே 6,000 ரூபாய் தகும். எங்கள் பக்கம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. செய்து பார்க்க ஒதுக்கிய சின்னக் காசும், வீணாய்ப் போனால் ஏச்சு விழாது என்ற உறுதியும்தான் இல்லை. சுனாமிக்குப் பிறகு வந்த செயற்றிட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், என்ன பலன் வரும் என்பதை முன்கூட்டியே படிவத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டால் பிறகு எதைப் பரீட்சிப்பது?

குறையும் இருக்கிறது. மருதமுனையில் தறி வைத்திருக்கும் நானா ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். நெசவாளருக்குத் துண்டுக்கூலி, புது டிசைன் ஒன்றைப் பழக ஒரு நாள் போனால் அன்றைய கூலியும் போகும், பிறகு யார் முயற்சி செய்வார்? இதற்குப் பதில் வரவில்லை. பழகும் நாளுக்குத் தனிக் கூலி என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்கக் கம்பனியான 3எம்மின் கதையையும் பாதியில் விட்டுவிட்டார்கள். வேலை நேரத்தில் 15 வீதத்தை ஊழியர் சொந்த யோசனைக்குச் செலவழிக்கலாம் என்பதைச் சொன்னவர்கள், ஒட்டிக் கழற்றும் குறிப்புத்தாளான போஸ்ட்-இட்டின் பசை 1968இல் கிடைத்தும் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வர 1980 ஆனதைச் சொல்லவில்லை. இடையில் 1977இல் சில நகரங்களில் விற்றுப் பார்த்தபோது சரியாகப் போகவில்லை, அடுத்த வருடம் இலவசமாகக் கையில் கொடுத்த பிறகுதான் சனம் கேட்டு வந்தது. அதே கம்பனிக்கு 2000களின் தொடக்கத்தில் வந்த தலைவர் ஜேம்ஸ் மெக்நேர்னி, வீண்செலவைக் குறைக்க, பிழைகளை அளந்து குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையை ஆய்வுகூடம் வரைக்கும் கொண்டுபோனார். புதுப் பொருள் வருவது தளர்ந்தது என்று பேச்சு எழுந்து, அடுத்த தலைவர் அதை ஆய்வாளர்களுக்குத் தளர்த்த வேண்டி வந்தது. தொழிற்சாலையில் பிழையைக் குறைக்கிற ஒழுங்கு பரீட்சை செய்யும் இடத்தில் கையைக் கட்டிப்போடும். கணக்காய்வுக்குப் பயந்தே வேலை செய்யும் எங்கள் சங்கங்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

சாப்பாடு நல்லது, மண்டபத்தில் வெக்கை அதிகம்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: காலை ஸ்லைடைப் பாதியாகக் குறைத்து, குழுவேலையை முதல் நாளே தொடங்குங்கள். சங்கங்களிலிருந்து போகிறவர்கள் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் செய்து பார்க்கக்கூடிய ஒரு யோசனையையும், அதில் எவ்வளவு காசு போனால் தாங்கும் என்ற கணக்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.