செசில் ஹோட்டலா, கீப்பர்ஸா? சாமானியர்கள் துப்பறியும் இரண்டு தொடர்கள்

நிஜக் குற்றங்களைப் பற்றிய ஆவணத் தொடர்களில், போலீஸும் அல்லாத நிருபரும் அல்லாத சாதாரண ஆட்கள் துப்பறிய இறங்குவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. பார்க்கிறவர்கள் இரண்டு கட்சி. "இவர்கள் இல்லையென்றால் வழக்கைத் தூசு தட்டவே ஆள் இருந்திருக்காது" என்பார்கள் ஒரு சாரார். "இவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்பார்கள் மற்றவர்கள். கும்பகோணத்தில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்த்துப் பேசும் எங்கள் சிறு வட்டத்திலும் இதே பிளவுதான். ஆடி, ஆவணிக் கூட்டங்களுக்குத் தொடர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று, 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த செசில் ஹோட்டல் தொடர். மற்றது, அதே நெட்ஃபிளிக்ஸ் 2017இல் வெளியிட்ட 'தி கீப்பர்ஸ்'. நான் கீப்பர்ஸை எடுத்தேன்.

மேலோட்டமான வித்தியாசங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். செசில் நான்கு பாகம், கீப்பர்ஸ் ஏழு. விறுவிறுப்பில் செசில்தான் மேல். கீப்பர்ஸ் மெதுவாகப் போகும். பள்ளிப் பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமைகள் விரிவாகப் பேசப்படுவதால் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

செசிலின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 2013 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் செசில் ஹோட்டலில் தங்கியிருந்த எலிசா லாம் என்ற 21 வயது கனடா மாணவி காணாமல் போனார். அவர் லிஃப்ட்டுக்குள் வித்தியாசமாக நடந்துகொள்ளும் சிசிடிவி காட்சியைப் போலீஸே வெளியிட, உலகம் முழுக்க ஆட்கள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கதை கட்டத் தொடங்கினார்கள். பிப்ரவரி 19ஆம் தேதி, ஹோட்டல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் உடல் கிடைத்தது. தொட்டியின் மூடி மூடியிருந்தது என்று பரவிய ஒரு தகவலை வைத்துத்தான் 'கொலை' என்ற ஊகமே எழுந்து நின்றது. உடலைக் கண்டுபிடித்த ஊழியர் பார்த்தபோது மூடி திறந்துதான் இருந்தது. விபத்தாக நேர்ந்த மரணம், மனநலப் பாதிப்பும் அதற்கு ஒரு காரணம் என்று பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் முடிவு சொன்னார்கள்.

அதற்குள் ஒரு மனிதரின் வாழ்க்கை நாசமாகிவிட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஒருவர் அதற்கு ஓராண்டு முன்பு அந்த ஹோட்டலில் தங்கியபோது எடுத்த வீடியோவை இணையத்தில் போட்டிருந்தார். அவர் பாடும் இசை மரணத்தையும் இருளையும் பற்றியது. போதாதா? கொலைகாரன் இவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சம்பவ நேரத்தில் அவர் அந்த நாட்டிலேயே இல்லை. வசைக்கும் மிரட்டலுக்கும் தாக்குப்பிடிக்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போனதைத் தொடரில் அவரே சொல்கிறார்.

எங்கள் வட்டத்தில் செசிலுக்காக வாதாடியவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். "தம்பி, அவங்க செஞ்ச தப்பைத்தானே அந்தத் தொடரே காட்டுது? இந்தக் காலத்துப் பிள்ளைங்க பார்க்க வேண்டியது அதுதான்" என்றார். நியாயமான வாதம். ஆனால் மூடி திறந்திருந்தது உள்ளிட்ட முக்கியமான உண்மைகளை நான்காம் பாகம் வரை தள்ளிப்போடுகிறார்கள். அதுவரை ஊகங்களை ஒவ்வொன்றாக ருசித்துப் பரிமாறுகிறார்கள். எலிசாவின் கல்லறைக்கு ஆள் அனுப்பி வீடியோ எடுக்கச் சொன்ன ஒருவரைக்கூடத் தொடர் உருக்கமாகவே காட்டுகிறது. தண்டிப்பதற்கு முன்னால் மூன்று பாகம் கொண்டாடியது உறுத்துகிறது.

கீப்பர்ஸில் துப்பறிகிறவர்கள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோரைச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, மற்றவர் ஓய்வுபெற்ற செவிலியர். 1969 நவம்பரில் காணாமல் போய், 1970 ஜனவரியில் சடலமாகக் கிடைத்த கேத்தி செஸ்னிக் என்ற 26 வயது கன்னியாஸ்திரி, பள்ளியில் அவர்களுக்குப் பாடம் நடத்தியவர். ஒருவர் பழைய செய்தித்தாள்களையும் அரசு ஆவணங்களையும் குடைகிறார். இன்னொருவர் பழைய மாணவிகளிடமும் அந்தக் காலத்து ஆட்களிடமும் பேசுகிறார். தகவல் கேட்டு மனுப் போடுகிறார்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்கிறார்கள். அதே பள்ளியில் ஒரு பாதிரியாரிடம் கொடுமை அனுபவித்த பெண்கள், பல பத்தாண்டுகள் கழித்து வாய் திறக்க இந்தத் தேடலும் ஓர் இடம் தந்தது. பால்டிமோர் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் கொடுமைக்கு ஆளானதை மேரிலாந்து அரசுத் தலைமை வழக்கறிஞரின் அறிக்கை 2023இல் பதிவு செய்தது. இப்படிப்பட்ட வழக்குகளைத் தொடுப்பதற்கு இருந்த வயது வரம்பை அதே ஆண்டு சட்டம் போட்டு நீக்கினார்கள். இது முழுக்கத் தொடரால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்டவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள்.

என் தேர்வை முடிவு செய்தது ஒரே ஒரு கேள்வி. ஊகம் தவறிப்போனால் நஷ்டம் யாருக்கு? லிஃப்ட் காட்சியை வைத்து ஊகித்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை, முழுக்கக் கட்டியவர் அந்த இசைக்கலைஞர். அரசு ஆவணத்தைத் தேடிப் போகிறவர் தவறினால் அவருடைய நேரம்தான் வீண். இது நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய புரளியை நம்பிய கும்பல் அவரை அடித்தே கொன்றது. அவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

சாமானியர் துப்பறிவதே கூடாது என்று நான் சொல்லாததற்குக் காரணமும் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014இல் அவர் திரும்பி வந்தார். அதற்குப் போலீஸோடு சேர்ந்து சிலை ஆர்வலர்களும் உழைத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களும் விற்பனைப் பட்டியல் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடப்பட்டன. சுவாமிமலைப் பக்கம் ஸ்தபதிகள் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது எப்படிச் சாத்தியம் என்று புரியும். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். ஒன்றைப் போல இன்னொன்று வராது. அதனால் படத்தோடு படம் பொருந்தினால் பொருந்தியதுதான், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அந்தச் சிலையை விற்ற சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022இல் 10 ஆண்டு தண்டனை கொடுத்தது எங்கள் கும்பகோணம் நீதிமன்றம்தான்.

கீப்பர்ஸிலும் எனக்குச் சங்கடம் உண்டு. பிற்பகுதியில் வேறு சிலர் மீது சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். அந்த இடங்களில் செசிலுக்கும் இதற்கும் உள்ள தூரம் குறைந்துவிடுகிறது. தவிர, கொலைக்கு இன்றுவரை விடை இல்லை. முடிச்சு அவிழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பூனைகளைக் கொன்று வீடியோ போட்டவனை இணையத்தில் விரட்டிய குழுவைப் பற்றிய 2019ஆம் ஆண்டுத் தொடரை ஒருமுறைதான் பார்த்தேன், அரைகுறையாக எடைபோட விரும்பவில்லை.

செசிலைப் பார்த்தே தீருவேன் என்கிறவர்கள் நான்காம் பாகத்தை முதலில் பாருங்கள். தொட்டி மூடியைப் பற்றியும் அந்த இசைக்கலைஞருக்கு நேர்ந்ததைப் பற்றியும் தெரிந்துகொண்டு முதல் பாகத்துக்கு வந்தால், ஒவ்வொரு ஊகமும் எங்கே வழி தவறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.